விலை ஏறிய புகையிலைப் புரை

அத்தியாயம் ஏழு

விற்காத சரக்குக்கு விலை இறங்கும் என்பதை ரெத்தினதாஸ் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நெய்யாற்றின்கரைச் சந்தையில் அப்பா நடத்திய பாக்குக் கடையில், சாக்குமூட்டைமேல் உட்கார்ந்து காதால் கற்றது. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தக் காது அவரைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் பாறசாலையில், 'நெய்யாற்று முரசு' வார இதழின் அச்சுக்கூடத்தில், மை வாசனைக்கு நடுவே ஒரே ஒரு சின்ன விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

'விற்பனைக்கு: புகையிலை உணக்கும் புரை. ஓடு வேய்ந்தது. கிணறு உண்டு. விவரம் முரசு ஆபீசில்.'

இலை காயவைக்கிற கொட்டகை ஒன்று; கடைசியில் ஒரு விலை. அடுத்த வாரத்து இதழிலும் அதே விளம்பரம், விலை மட்டும் கூடுதல். அதற்கடுத்த வாரம் இன்னும் கூடுதல். மார்கழியில் தொடங்கியது மாசி வரை இறங்கவே இல்லை.

"தங்கம்கூட இப்பிடி ஏறல, அண்ணாச்சி. புரைக்குள்ள யாரும் புதையல் கண்டானோ என்னவோ" என்றான் செல்லையன். ரெத்தினதாஸின் உதவியாளன். முன்பு களியக்காவிளை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன்; டிக்கெட் கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன்.

"நீங்க தமாஷ் பேசுகிய. எனக்க விளம்பரக்காரன் லாக்கப்பில கெடக்கான்" என்றார் முரசின் ஆசிரியர் ராஜையா.

அந்த விளம்பரக்காரன் பெயர் ஈசாக். நாற்பது வயதுத் தனிக்கட்டை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விளம்பரம் பிடிப்பான். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்கு நிற்பான். புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கி வெடித்து ஒரு ஓணம்தான் கழிந்திருந்தது. இந்தத் தாலுகா மதறாஸோடு சேர வேண்டுமா, இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டுமா என்ற வழக்கு ஓயவில்லை. தமிழில் அச்சடித்த காகிதம் எதைக் கண்டாலும் போலீசுக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை முரசில் விளம்பரம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது தந்திக்கம்பி அறுபடுகிறது. ஏறுகிற விலைதான் அறுக்கிறவர்களுக்கு அடையாளம் என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்துவிட்டார்.

"விளம்பரம் யாருக்குள்ளதுன்னு ஈசாக் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாவ. சொல்லமாட்டேங்கான். நாளைக்கு கோர்ட்டு. பொறவு திருவனந்தபுரம் ஜெயில்" என்றார் ராஜையா.

"புரை கேட்டு ஆபீசுக்கு ஆள் யாரும் வரல்லியா?"

"வந்தாவளே. வந்தவனையெல்லாம் ஈசாக்தான் பேசி அனுப்பினது. வித்துப்போச்சும்பான். அடுத்த வாரம் பாத்தா அதே விளம்பரம். கேட்டா, 'ஒங்களுக்கு விளம்பரக் காசு வருது இல்லியா சாரே'ன்னு என்னையே மடக்குவான்."

ரெத்தினதாஸ் இதழ்களை மடித்து வைத்தார்.

"விக்க நெனைக்கவன் விலையைக் குறைப்பான். கூட்டிக்கிட்டே போறவன் வித்துப்போயிருமோன்னு பயப்படுகான். இது பயந்த விலையாக்கும்."

"பயப்படுகவன் விளம்பரம் எதுக்குக் குடுக்கான்?" என்றான் செல்லையன். "பொண்ணு குடுக்க மனசில்லாதவன் தரகன் வீட்டுக்கு நடக்கது போலல்லா இருக்கு."

"அதைத்தான் கேக்கப் போறோம். எழும்புலே."

* * *

அந்தப் பக்கத்தில் புகையிலை போடுகிறவர்கள் கொல்லயில் என்ற ஊரின் ஓரத்தில் சில குடும்பங்கள் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் கூலிக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டு வந்து இங்கே நட்டவர்கள். போலீஸ் அங்கே வீடு வீடாகப் போய்க் கேட்டிருந்தது. எல்லோரும் 'எனக்குள்ளதில்லை' என்றார்கள். போலீஸ் கேட்டால் அவரவர் தலையைக்கூட எனக்குள்ளதில்லை என்று சொல்கிற காலம் அது.

ரெத்தினதாஸ் யாரையும் கேட்கவில்லை. செல்லையனைக் கூட்டிக்கொண்டு வயலுக்கு மேற்கே இருந்த பாறைமேட்டில் ஏறினார்.

"இங்க எதுக்கு அண்ணாச்சி? காத்து வாங்கவா?"

"இது என்ன மாசம்?"

"மாசி."

"இலை வெட்டி, புரையில தூக்கி, தேங்காத் தொண்டு மூட்டிப் புகை காட்டுக மாசம். கீழ பாரு."

செல்லையன் பார்த்தான். தென்னைகளுக்கு நடுவே ஒவ்வொரு புரையின் ஓட்டு இடுக்கிலும் நீலப்புகை கசிந்துகொண்டிருந்தது. கிழக்கே, வயல் முடிகிற இடத்தில், ஒரே ஒரு ஓட்டுக்கூரை மட்டும் வெயிலில் சும்மா கிடந்தது. அதிலிருந்து புகை வரவில்லை. அதற்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஆள் நடமாட்டமும் இல்லை.

"ஊரெல்லாம் பீடி வலிக்கும்போ ஒருத்தன் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கது போல இருக்கு" என்றான் செல்லையன். பிறகு, அவனுக்குப் பழக்கமில்லாத மெல்லிய குரலில், "பாக்கவே ஒரு மாதிரி இருக்கு, அண்ணாச்சி" என்றான்.

ரெத்தினதாஸ் இறங்கத் தொடங்கினார். நெய்யாற்றின்கரையில் அவர் வாடகைக்கு இருந்த மாடியறையும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

* * *

புரையை ஒட்டிய வீட்டு முற்றத்தில் கால் வைக்கும் முன்பே ஒரு பெண் வெளியே வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தோளில் கிடந்த நேரியதைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"புரை காணான் வந்ததா?"

"ஆமா. பேரு?"

"அம்மிணி. வாருங்கோ, இரியுங்கோ. வெயில்ல நடந்தல்லவா வந்தது."

கட்டன்சாயா வந்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கு வந்தது, தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தி வந்தது. கணவன் சோமன் காய்ச்சலில் போய் மூன்றாம் வருஷம் என்பதும், அவன் போன பிறகு புகையிலை போட ஆளில்லை என்பதும், பலாமரம் இந்த வருஷம் காய்க்கவில்லை என்பதும் யாரும் கேட்காமலே வந்தன. பேச்சு நீண்டநாள் மூடிவைத்த குழாயிலிருந்து வருவதுபோல் முதலில் திக்கித் திக்கியும் பிறகு நிற்காமலும் வந்தது.

"சரி, விலைக்கு வருவோம்" என்றார் ரெத்தினதாஸ். "பேப்பர்ல போட்ட விலைக்கே எடுத்துக்கிடுகேன்."

செல்லையனுக்கு மரச்சீனி தொண்டையில் நின்றது. அம்மிணியின் முகமும் அப்படியே நின்றது.

"அது போன மாசத்து விலையாக்கும். இப்ப கூடிப்போச்சு." ஒரு தொகை சொன்னாள்.

"அதுக்கும் சம்மதம்."

"ஓடு ஒழுகும்."

"மாத்திக்கிடலாம்."

"கிணத்துல வேனலுக்குத் தண்ணி இல்ல."

"ஆழப்படுத்தலாம்."

"புரைக்குள்ள பாம்பு உண்டு."

"பாம்புக்குத் தனியா விலையா, அதுவும் சேர்த்துத்தானா?" என்றான் செல்லையன்.

அம்மிணி சிரித்துவிட்டாள். சிரித்தபிறகு யாரோ கேட்டுவிட்டார்களோ என்பதுபோல் வேலிப்பக்கம் பார்த்தாள். விலையைக் கூட்டிக்கொண்டே சரக்கைக் குறை சொல்லும் வியாபாரியை ரெத்தினதாஸ் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

இன்னொன்றும் அவருக்கு உறுத்தியது. இந்தப் பக்கத்துப் புகையிலைக்காரர்கள் பேரம் தொடங்கும் முன்பே வெற்றிலைத் தட்டை முன்னால் வைப்பார்கள். அந்த வீட்டுப் புகையிலையைக் கிள்ளி வாயில் போட்ட பிறகு பேசுவதுதான் பேச்சு. அதற்கு முன் பேசுவதெல்லாம் வெறும் வாய். அம்மிணி சாயாவை இரண்டாம் தடவை ஊற்றினாள். வெற்றிலைத் தட்டு மட்டும் வெளியே வரவில்லை.

ஜன்னல் மேட்டில் 'முரசு' இதழ்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் சுருட்டியபடி, விலாசம் ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல்.

"ஒங்க விளம்பரம் வந்த பேப்பர். பிரிச்சே பாக்கல்லியே?"

"எனக்குத் தமிழ் பறையத் தெரியும். எழுத்து அறியில்ல." அவள் தம்ளர்களை எடுத்து அடுக்கினாள். "வாசிச்சுத் தர ஆள் உண்டாயிருந்தது. அவரு கையில வேற ஒண்ணு கொண்டு வருவாரு, அதைப் பாத்து வாசிப்பாரு. இப்ப ரெண்டு வெள்ளியாச்சு, காணல. சைக்கிள் கேடாயிருக்கும்."

தம்ளர்கள் அடுக்கி முடிந்தும் அவள் கை அங்கேயே இருந்தது.

"நீங்க அந்த ஆபீஸ் வழியாவா வந்தது? அங்க ஒருத்தரு… சுகமாட்டு இருக்காரா?"

ரெத்தினதாஸ் சொன்னார். சுற்றி வளைக்காமல், லாக்கப், தந்திக்கம்பி, நாளைய கோர்ட்டு எல்லாவற்றையும் சொன்னார். அம்மிணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குள்ளதுன்னு அவரு பறஞ்சுகூடே? பறஞ்சா வெளிய வரலாமே."

அப்போது வேலிக்கு அப்பால் ஒரு தலை உயர்ந்து, முற்றத்தில் எத்தனை பேர் என்று பார்த்து, தாழ்ந்தது.

"அது யாரு?" என்றான் செல்லையன்.

"சோமனுக்க அண்ணன். பேச்சு வார்த்தை கெடையாது. இந்த முற்றத்துல யாரு வாறா, எப்ப போறான்னு பாக்கது மட்டும் உண்டு. மாப்பிள்ளை இல்லாதவ வீட்டுல ஆம்பிள வந்து இருந்தான்னு ஒரு பேச்சு கெடச்சா போதும், என்னை எறக்கிவிட்டுட்டு வீட்டையும் புரையையும் எடுத்துக்கிடலாம்."

"ஈசாக் வாயைத் தொறக்காததுக்குக் காரணம் அந்தத் தலையாக்கும்" என்றார் ரெத்தினதாஸ். "எல்லா வீட்டுக்கும் போற விளம்பரக்காரனை யாரும் கவனிக்கல. ஒரு வீட்டுப் பேரு போலீஸ் வாயில விழுந்தா ஊரே கவனிக்கும். அதான் அவன் ஜெயிலுக்குப் போகத் துணிஞ்சிருக்கான். நீங்க வந்து சொன்னா அவன் இன்னைக்கே வெளிய வரலாம். ஆனா வரணும்னு நான் சொல்லமாட்டேன், கேட்டியளா. இழக்கப்போறது நீங்க."

அம்மிணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்கள் சற்றுநேரம் முற்றத்தில் நின்றார்கள். இரண்டு ராஜ்யங்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த தாலுகா அது. இந்த முற்றத்தைக் கேட்டு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் வந்ததில்லை.

"போவோமா, அண்ணாச்சி?" என்றான் செல்லையன்.

கதவு திறந்தது. அம்மிணி வெளுத்த முண்டும் நேரியதும் மாற்றியிருந்தாள். கதவைப் பூட்டினாள். பின்வாசல் பாதை இருந்தும் அதை விட்டுவிட்டு, வேலியோரப் பாதையில், தலை உயர்ந்து தாழ்ந்த இடத்தைக் கடந்து முன்னால் நடந்தாள்.

வழியில் ரெத்தினதாஸ் தாழ்ந்த குரலில் செல்லையனுக்குக் கணக்கை முடித்துக் காட்டினார்.

"புரை வித்துப்போனா விளம்பரம் நிக்கும். விளம்பரம் நின்னா ஈசாக் வரமாட்டான். அதனால விலையை ஏத்தினா. இவ்வளவுதான் வழக்கு."

"ஒரு ஆளு வந்து போறதுக்கு இம்புட்டு செலவா?"

"ஒனக்கு வீட்டுல நாலு பேரு சத்தம் போடுகாவ. ஒனக்கு அதுக்க விலை தெரியாது."

சொல்லும்போது ரெத்தினதாஸுக்கு முழு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை ஸ்டேஷன் வாசல்வரை தாங்கியது.

* * *

எல்லையோரத்து ஸ்டேஷன்களில் அதுவும் ஒன்று. முன்னால் ஒரு பூவரசு, உள்ளே ஒரு மேசை, மேசைக்கு அப்பால் இன்ஸ்பெக்டர் பொன்னப்பன். மேசையின்மேல் 'முரசு' இதழ் ஒன்று கிடந்தது. விளம்பரத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம்.

"எந்தா ரெத்தினதாஸே, புரை வாங்கியாச்சா?"

"உடையவங்களையே கூட்டிட்டு வந்திருக்கேன், சாரே. கம்பி அறுக்குறவன் பத்திரிகை பாத்து அறுக்க மாட்டான். விளம்பரம் இவங்களுக்குள்ளது."

பொன்னப்பன் கம்பிக்கதவின் பக்கம் திரும்பினார். உள்ளே ஈசாக் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, சட்டைப்பொத்தான் அறுந்து, பாட்டுக்கு நிற்கும் ஆள் என்று சொல்ல முடியாத கோலம். அம்மிணியைக் கண்டதும் பாதி எழுந்தான். பிறகு உட்கார்ந்துகொண்டான்.

"ஈசாக்கே, இவங்களை அறியுமா?"

"அறியாது, சாரே."

"நல்லா நோக்கிப் பற."

"நான் இவங்களைக் கண்டதே இல்ல."

சந்தையைக் கடந்து, ஊர் பார்க்க நடந்து வந்தவள். அவன் வாயிலிருந்து அதைக் கேட்டபோது அம்மிணி நேரியதின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டல்லோ" என்றார் பொன்னப்பன். "ஆளை விடுவிக்க ஒரு அம்மையை ஏற்பாடு செய்ததுக்கு ரெத்தினதாஸ்மேல தனியா ஒரு கேஸ் எழுதலாம்."

செல்லையன் ரெத்தினதாஸைப் பார்த்தான். ரெத்தினதாஸ் மேசைமேல் கிடந்த இதழைப் பார்த்தார்.

"சாரே, இவங்களுக்குத் தமிழ் எழுத்து ஒண்ணுகூட அறியாது. எந்தப் பக்கத்தை வேணும்னாலும் நீட்டிப் பாருங்க. ஆனா இந்த விளம்பரம் மனப்பாடமா இருக்கும். அப்ப யாராவது வாசிக்கக் கேட்டிருக்கணும் இல்லியா? சொல்லச் சொல்லுங்க."

பொன்னப்பன் இதழை எடுத்துப் பிரித்தார். வட்டத்துக்குள் விரலை வைத்தார். "பற."

அம்மிணி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினாள். பேசுகிற தமிழில் அல்ல, அச்சுத் தமிழில். வாசிக்கிற ஒரு ஆண் மூச்சுவிடும் இடங்களில் மூச்சுவிட்டு.

"'விற்பனைக்கு. புகையிலை உணக்கும் புரை. ஓடு வேய்ந்தது. கிணறு உண்டு.'"

இன்ஸ்பெக்டரின் விரல் வரியோடு நகர்ந்தது. தலை லேசாக அசைந்தது. லாக்கப்புக்குள் ஈசாக் எழுந்து நின்றுவிட்டான்.

"போதும், சாரே" என்றான். "போதும். நிறுத்தச் சொல்லுங்க."

அம்மிணி நிறுத்தவில்லை.

"'முற்றத்தில் பலாநிழல் உண்டு. அந்திக்குக் காற்று உண்டு.'"

விரல் நின்றது.

"'உடையவள் ஒற்றைக்கு இருக்கிறாள். அவள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வாங்க வருகிறவர் தனியாள் ஆனாலும் போதும். நாற்பது வயது ஆனாலும் குறைவில்லை. பத்திரிகை வாசிக்கத் தெரிந்தவர் என்றால் விசேஷம்.'"

பொன்னப்பன் வட்டத்துக்கு வெளியே தேடினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இது இதுல இல்லையல்லோ."

"உண்டு, சாரே" என்றாள் அம்மிணி. "முதல்ல இல்ல. பொறவு வாராவாரம் ஒவ்வொண்ணாட்டு கூடி வந்தது. தாலுகா முழுக்க வாசிச்சிருக்கும். எனக்கு நாணமாட்டு இருந்தது, ஆனா பேப்பர்காரங்களுக்க ரீதி அதுதான்னு நெனச்சேன்."

"பின்னே விலையை ஏன் கூட்டினது?"

"பயந்தாக்கும். தனியா ஒருத்தன், நாப்பது வயசுக்காரன், எழுத்து தெரிஞ்சவன், உள்ளபடியே கேறி வந்து விலை தந்துட்டா என்ன செய்ய? எனக்கு அப்பிடி ஒருத்தனும் வேண்டாம். விளம்பரத்தை நிறுத்திக்கூடேன்னு கேப்பிய. நிறுத்தினா, வாசிக்க இவரு வரமாட்டாரே."

செல்லையன் வாயைத் திறந்தான்; ரெத்தினதாஸ் அவன் கால்மேல் தன் செருப்பை வைத்து அழுத்தினார். பயந்த விலை என்று அச்சுக்கூடத்தில் சொன்னபோது பயத்தில் பாதியைத்தான் எடைபோட்டிருந்தோம் என்று அவருக்கு இப்போது தெரிந்தது.

ஈசாக் கம்பியருகே வந்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"அது பேப்பர்ல இல்ல, அம்மிணி."

அவள் திரும்பினாள்.

"கிணறு வரைக்கும்தான் வாசிச்சது. மிச்சம் நான் சொன்னது."

பொன்னப்பன் இழுப்பறையைத் திறந்து சாவியைத் தேடினார். தேடுகிற நேரத்துக்கு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மிணி மேசையருகே போனாள். இதழை எடுத்து, சிவப்பு வட்டத்துக்குள் விரலை வைத்து, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை வரி வரியாக மேலிருந்து கீழாக எண்ணிப் பார்த்தாள். மூன்றே வரிதான் இருந்தது.